பாத்தியா, மாஷிமா?

மாமி இறந்துவிட்டார் என்று சென்னையிலிருந்து மாமா போன் செய்தபோது, "நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டேன். துக்கம் சொல்ல அழைத்தவரிடம் யாராவது இப்படிக் கேட்பார்களா? நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள் கேட்டாகிவிட்டது. மாமா கோபித்துக்கொள்ளவில்லை. "பாத்தேம்மா. பக்கத்துலயேதான் இருந்தேன். கையைப் பிடிச்சுண்டிருந்தேன்" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. மாமியும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

கல்கத்தாவில், லேக் கார்டன்ஸில், ஒரே கட்டிடத்தில் நாங்கள் மேலும் கீழுமாக இருந்தோம். நான் திருநெல்வேலிக்காரி. துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரர் அதே துறைமுகத்தில் ஆற்றின் ஆழம் அளக்கும் படகில் இருந்தார். எனக்கென்று ஒரு ஃபிளாட்டையும், அலமாரியில் ஒரு பைனாகுலரையும் வைத்துவிட்டுச் சீக்கிரமே போய்விட்டார். மூன்றாவது மாடியில் மாமாவும் மாமியும். மாமா வங்கி அதிகாரியாக மாற்றலாகி வந்து, ஊர் பிடித்துப்போய், ஓய்வு பெற்ற பிறகும் அங்கேயே தங்கிவிட்டவர். இருவரும் சென்னைக்குப் போனது வெகு பின்னால்தான். மாமிக்குப் பிறந்த வீடு கும்பகோணம் பக்கம். என்னைவிடப் பத்து வயது பெரியவர்.

மாமியின் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னாலும் அந்தத் தெருவில் யாருக்கும் விளங்காது. கடைசி வருடங்களில் வங்காளிகள் எல்லாரும் அவரைத் தாரா மாஷி என்றுதான் சொன்னார்கள். தாரா என்றால் நட்சத்திரம். மாஷி என்றால் அம்மாவின் அக்காவோ தங்கையோ. அதற்கு முன்னால் அவர் வெறும் மாஷிமாதான்.

தாரா மாஷி ஆவதற்கு வெகு காலம் முன்பிருந்தே மாமிக்கு ஒரு சுபாவம் உண்டு. கண்ணால் பார்க்காத எதையும் ஒப்புக்கொள்ளமாட்டார். இன்றைக்குக் குழாயில் தண்ணீர் வராதாம் என்று வாட்ச்மேன் சொல்லிவிட்டுப் போனால், "பாத்தியா?" என்று என்னைக் கேட்பார். வராத தண்ணீரை எப்படிப் பார்ப்பது? உடனே போய்க் குழாயைத் திறந்து, அது காற்றைத் துப்புவதைப் பார்த்த பிறகுதான் பக்கெட்டைத் தேடுவார். பேஹாலாவில் மழை கொட்டுகிறதாம் என்றால், "பாத்தியா?" நம் சாம்பார்ப் பொடிக்கடைக்காரர் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போகிறாராம் என்றால், "பாத்தியா?" எனக்குக் காய்ச்சல் என்று சொன்னால் போதாது. தெர்மாமீட்டரைக் காட்டினாலும் போதாது. நெற்றியில் கையை வைத்துப் பார்த்த பிறகுதான் மேலேயிருந்து ரசம் வரும். வந்தால் அமிர்தமாக இருக்கும், அதையும் சொல்ல வேண்டும்.

இந்த 'பாத்தியா'வால் ஒரு கூத்து நடந்தது. எனக்கு எதிர் ஃபிளாட்டில் ஒரு வங்காளிப் பெண். பௌதி என்று கூப்பிடுவோம், அண்ணி என்று அர்த்தம். மாமி என்னை மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் 'பாத்தியா?' என்று கேட்பது அவள் காதில் விழுந்து விழுந்து, தமிழில் சௌக்கியமா என்று கேட்பது இப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். ஒரு நாள் கையில் மீன் பையோடு படியேறி வந்தவள், மாமியைப் பார்த்துக் கைகூப்பி, வாயெல்லாம் பல்லாக, "பாத்தியா, மாஷிமா?" என்றாள். மாமி ஒரு கணம் திகைத்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "பாத்தியா, பாத்தியா" என்று பதில் மரியாதை செய்தார். அன்று தொடங்கியது. காலையும் மாலையும் படியில் இந்த உபசாரம்தான்.

நான் ஒருமுறை பௌதியிடம் உண்மை அர்த்தத்தைச் சொல்லப் போனேன். மாமி தடுத்துவிட்டார்.

"விடும்மா. சௌக்கியமான்னு கேட்டா எல்லாரும் பொய்தான் சொல்றா. அதுக்கு இது எவ்வளவோ தேவலை."

அவர்களுக்கு ஒரே பெண். நியூ டவுனில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, அங்கேயே சின்னதாக ஒரு ஃபிளாட். சனிக்கிழமை மதியம் வருவாள், திங்கட்கிழமை காலை போவாள். தமிழைவிட வங்காளம் நன்றாகப் பேசுவாள். என்னைச் சித்தி என்பாள். கொரோனாவின் இரண்டாவது அலையில், சித்திரை பிறந்த வாரத்தில், அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கூட வேலை செய்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பெற்றவர்கள் வாசல்வரைகூடப் போக முடியாத நாட்கள் அவை. போனில் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு போனிலும் பார்க்க முடியவில்லை. பிறகு ஒரு விடிகாலை, போனில் ஒரு குரல் மட்டும் வந்தது. அப்போது ஊருக்கெல்லாம் இருந்த விதிப்படி உடலை வீட்டுக்குத் தரவில்லை. மாமா மட்டும் போய்த் தூரத்தில் நின்றார். முழுக்க மூடிக் கட்டியிருந்ததால் அவராலும் முகம் பார்க்க முடியவில்லை. பிறகு ஒரு மண்கலயம் வந்தது. அதை ஹூக்ளியில் கரைத்துவிட்டு வந்து, படியில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

நான் மேலே போனபோது மாமி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். முறத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"யாராவது பாத்தாளா?"

நானும் பக்கத்தில் உட்கார்ந்து கல் பொறுக்க ஆரம்பித்தேன். அந்த வீட்டில் நான் பதில் சொல்லாமல் வந்த ஒரே கேள்வி அது.

அதன் பிறகு மாமி அழவில்லை. சனிக்கிழமை மதியம் மேசையில் மூன்று தட்டுகள் இருக்கும். பெண்ணின் கட்டிலுக்கு விரிப்பு மாறும். செத்துப்போனாள் என்று அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. மாமா ஒருமுறை, வருஷத் திதி வருகிறதே என்று இழுத்தபோது, "நீங்கோ பாத்தேளா? மொகத்தைப் பாத்தேளா? சொல்லுங்கோ" என்று கேட்டிருக்கிறார். அவர் எப்படிச் சொல்வார்?

ஐப்பசியில் ஒரு நாள் என்னையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். அர்ச்சனைத் தட்டை நீட்டினார். குருக்கள் வழக்கம்போலப் பெயர், நட்சத்திரம் கேட்டார். மாமி பெண்ணின் பெயரைச் சொல்லி, "ரேவதி நட்சத்திரம்" என்றார். உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் அர்ச்சனை. குருக்களுக்கும் விஷயம் தெரியும். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். நல்ல மனுஷர். ஒன்றும் சொல்லாமல் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்.

விபூதியை வாங்கிக்கொண்ட மாமி, நின்ற இடத்தில் நின்றபடி அவரிடம் கேட்டார்.

"தினம் நூறு பேர்கிட்ட நட்சத்திரம் கேக்கறேளே, இந்த ரேவதி எங்க இருக்குன்னு பாத்திருக்கேளா?"

"அதெல்லாம் பஞ்சாங்கத்துல பாக்கறதுதான் மாமி. வானத்துல யார் பாத்தா?" என்று குருக்கள் சிரித்தார்.

மாமி சிரிக்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் ரிக்‌ஷாவில் என்னிடம் ஒரே பேச்சு. பிறந்த அன்றைக்கே நட்சத்திரம் குறிக்கிறோம், கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கிறோம், சாகும்வரை சொல்லிக்கொண்டே இருக்கிறோம். ஒருத்தர், ஒரே ஒருத்தராவது தன் நட்சத்திரத்தை வானத்தில் காட்டத் தெரிந்தவர் உண்டா? "நோக்குத் தெரியுமா?" என்றார். எனக்கு என் வீட்டு மின்சார மீட்டர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

அந்த வாரமே காலேஜ் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளுக்குப் போனோம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான வானியல் புத்தகம் ஒன்று, மனிதன் வானத்தைப் படித்த கதையை ஆதியிலிருந்து சொல்லும் தடிப் புத்தகம் ஒன்று. தடிப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை மட்டும் விட்டு, மிச்சப் பக்கங்களையெல்லாம் சேர்த்து மாமி ஒரு ரப்பர் பேண்ட் போட்டுவிட்டார்.

"மனுஷா எந்த வரிசையில தெரிஞ்சுண்டாளோ, அதே வரிசையிலதான் நானும் தெரிஞ்சுக்கப்போறேன். அவா ஒவ்வொண்ணையும் பாத்துப் பாத்துதானே கண்டுபிடிச்சா? நான் மட்டும் கடைசிப் பக்கத்தைப் படிச்சுட்டு நம்பணுமா?"

இதுதான் சட்டம். ஓர் அத்தியாயத்தில் சொன்னதைக் கண்ணால் பார்த்து முடித்தால்தான் ரப்பர் பேண்ட் அடுத்த அத்தியாயத்துக்குத் தள்ளிப்போகும். நடுவில் யாராவது முந்திக்கொண்டு எதையாவது சொல்லிவிட்டால், கையைத் தூக்கித் தடுப்பார். "அதுக்கு நான் இன்னும் வரலை." பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று மாமா வாய்தவறிச் சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதை நானே பார்த்தேன்.

"ஒண்ணாங்கிளாஸ் கொழந்தைக்குத் தெரியுமேடி அது!"

"தெரியறதுன்னா சொல்றது. எந்தக் கொழந்தை பாத்தது? நேக்கு பூமி இப்போ நின்னுண்டுதான் இருக்கு. சும்மா இருங்கோ."

ஓர் ஆண்டுக்கு மேலாக அந்த வீட்டில் பூமி நின்றுகொண்டுதான் இருந்தது.

முதலில் நிழல். மொட்டைமாடியில், துணி உலர்த்தும் மூங்கிலில் ஒன்றை நேராக நட்டு, மதிய நிழலின் நுனியில் சாக்பீஸால் கோடு போடுவார். கல்கத்தாவில் கடிகாரம் பன்னிரண்டு அடிப்பதற்கு முன்பே உச்சிப்பொழுது வந்துவிடுகிறது என்று கண்டுபிடித்து, அன்றிலிருந்து மாமாவுக்குச் சாப்பாட்டு நேரத்தையும் மாற்றினார். கோடை முற்ற முற்றக் கோடு மூங்கிலின் அடிக்கு நகர்ந்து வந்தது. ஜூன் தொடக்கத்தில் ஒரு நாள் நிழலே இல்லை. அடுத்த நாட்களில், நான் பார்க்கப் பார்க்க, அது தெற்குப் பக்கம் இரண்டு விரல் அளவு விழ ஆரம்பித்தது. வருடம் பூராவும் வடக்கே விழுந்த நிழல்! பௌதியின் மாங்காய் ஊறுகாய் ஜாடிகளை நகர்த்தி வைத்துவிட்டு அந்தத் தெற்கு நிழலில் மாமி கால் விரலை வைத்துக்கொண்டு நின்றார். ஐம்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன் என்று பீற்றிக்கொள்ளும் வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் காட்டினார். அவனும் இதைப் பார்த்ததில்லை. மாமி முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தைப் பெண் போன பிறகு அன்றுதான் பார்த்தேன்.

அப்புறம் நிலா. நிலா ஒரு ராத்திரிக்கு ஒரு வீடாக நகர்ந்து, மாதம் முடிவதற்குள் வானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது, அந்த வீடுகள்தான் நம் அசுவினி முதல் ரேவதி வரை என்று கண்டுகொண்டார். ஒவ்வொன்றாகப் பிடித்தார். கார்த்திகைக் கூட்டம் சுலபம். ரோகிணி, திருவாதிரை, சித்திரை, சுவாதி எல்லாம் கல்கத்தாப் புகையிலும் தெரிந்தன. ஒவ்வொன்றும் அகப்பட்டவுடன், அந்த நட்சத்திரக்காரர் யாரென்று தேடிப்பிடித்து மொட்டைமாடிக்கு இழுத்து வருவார். அதற்குப் பிறகுதான் தாரா மாஷி என்ற பட்டம்.

என்னுடையது கேட்டை. பெண்ணுக்குக் கேட்டை என்றால் மாப்பிள்ளையின் அண்ணனுக்கு ஆகாது என்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனையோ வீட்டில் பஜ்ஜியைத் தின்றுவிட்டு என்னை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம், மழை கொஞ்சம் விட்டிருந்தபோது, மாமி என்னை மேலே கூப்பிட்டார். தெற்கே, தண்ணீர்த் தொட்டிக்குச் சற்று மேலே, மேகத்துக்கு நடுவே சிவப்பாக ஒன்று நின்றது.

"இதுதாம்மா நீ."

"இதுவா மாமி? இது பாட்டுக்கு அங்க நிக்குது. இதுக்கா என்னை அத்தனை பேரு வேண்டாம்னு சொன்னாங்க?"

"எவனாவது பாத்துட்டா சொன்னான்?" என்றார் மாமி. நான் அழுதேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை. மாமி என் முதுகைத் தடவிக்கொடுத்தார், அவர் அழவில்லை.

இருபத்தாறும் ஆயிற்று. கடைசி ரேவதி மட்டும் அகப்படவில்லை. எல்லாவற்றிலும் அதுதான் மங்கலான நட்சத்திரம். கல்கத்தா வானத்தில் வெறும் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் அந்தத் தடிப் புத்தகத்தில் ஒரு விஷயம் இருந்தது. நம் பழைய கணிதக்காரர்கள் வானத்தின் வட்டத்தை அளக்கத் தொடங்கிய புள்ளியே அந்த மங்கல் நட்சத்திரத்தின் பக்கம்தான். சூரியன் அங்கே திரும்பி வந்தால் புது வருடம். அதைப் படித்த அன்று மாமி படியிறங்கி ஓடி வந்து என் கதவைத் தட்டினார். "லோகத்துக்கே கணக்கு அவகிட்டேருந்துதான் ஆரம்பிக்கறது, தெரியுமோ!" என்றார். நட்சத்திரத்தைச் சொல்கிறாரா பெண்ணைச் சொல்கிறாரா என்று நான் கேட்கவில்லை.

அலமாரியிலிருந்த பைனாகுலரைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன். "இதுல பாருங்க மாமி, ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிரும்" என்றேன். தொடக்கூட மாட்டேன் என்றுவிட்டார். குழாய் வைத்து வானத்தைப் பார்த்தது ஓர் இத்தாலிக்காரர். அவர் வருவதற்கு இன்னும் எத்தனையோ நூற்றாண்டு இருக்கிறது. "அதுக்கு நான் இன்னும் வரலை."

அப்போது எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது.

மாமாவின் தங்கை சென்னையிலிருந்து வந்தபோது, அழைத்துவர நானும் மாமியும் ஹவுராவுக்குப் போனோம். பாலத்தில் டாக்சி நகராது என்று பாபுகாட் படித்துறையில் மோட்டார் படகு ஏறினோம். படகு கிளம்பியதும் மாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையையே பார்த்தார். படித்துறையும் ஆலமரமும் குளிப்பவர்களும் பின்னால் போனார்கள். நாங்கள் அசையாமல் நிற்பதுபோலத்தான் இருந்தது. பூமி தானே சுழல்கிறது என்பதற்குப் படகையும் கரையையும் காட்டிய நம் நாட்டுக்காரர் ஒருவரின் அத்தியாயத்தில் அவர் அப்போது இருந்தார்.

"நின்னுண்டிருக்கற மாதிரிதாம்மா இருக்கு" என்றார் மெதுவாக. "போயிண்டிருக்கோம்." அன்று சாயங்காலம் மாமாவைக் கூப்பிட்டு, இன்றிலிருந்து பூமி சுற்றலாம் என்று அனுமதி கொடுத்தார்.

அந்த நாத்தனாரைப் படியில் பார்த்த பௌதி, கைகூப்பி "பாத்தியா!" என்றதும் அந்த அம்மாள் மிரண்டு, "எதை?" என்றார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வீட்டில் பேச்சு வேறு மாதிரி ஆகிவிட்டது.

"மன்னி, தப்பா எடுத்துக்காதீங்கோ. கொழந்தை மறைஞ்சு ரெண்டு வருஷம் ஆகப்போறது. ஒரு திதிகூடப் பண்ணாம இருக்கலாமா? அண்ணா மொகத்தைப் பாருங்கோ."

மாமி காபி டம்ளரை ஆற்றிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"நீயே சொன்னியே, மறைஞ்சுன்னு. மறையறது வேற, இல்லாம போறது வேற. சித்திரை சமயத்துல ரேவதியை யாராலும் பாக்க முடியாது. சூரியன் கிட்டக்க வந்து மறைச்சுடறான். அப்புறம் வைகாசிக் கடைசியில விடியக்காலம் கெழக்க திரும்பி வந்துடறா. வருஷா வருஷம் வரா. இது நான் சொல்றதில்லை."

பெண் போனதும் சித்திரையில்தான். மாமா எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். இத்தனை வானத்தையும் இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் மாமி படித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

அதன் பிறகு ரப்பர் பேண்ட் வேகமாக நகர்ந்தது. பூமியை எடுத்துச் சூரியனைச் சுற்றவிட்ட போலந்துப் பாதிரியார் வந்தார், போனார். வெறும் கண்ணாலேயே எல்லாக் கிரகங்களையும் அளந்த டென்மார்க்காரர் வந்தார். செவ்வாய் பின்னால் போவதுபோலத் தெரிவதை மாமி கண்ணாலேயே பார்த்து முடித்தார். அடுத்தது இத்தாலிக்காரர். அவர் வாசலில் வந்து ரப்பர் பேண்ட் நின்றுவிட்டது. மாதக்கணக்கில் நின்றது. டென்மார்க்காரரையே மறுபடி மறுபடி படித்தார். பூஜைக்கு நடுவே, சமையலுக்கு நடுவே, அதே பக்கங்கள்.

மார்கழி பிறந்து சில நாள் ஆகியிருக்கும். ஒரு மதியம் மாமா என் வீட்டுக்கு வந்தார். தனியாக அவர் வந்ததே இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அந்த பைனாகுலரைக் கொஞ்சம் தரயாம்மா?"

"மாமி தொட மாட்டாங்களே மாமா."

"அவ வேணும்னேதான் அந்த டென்மார்க்காரரோடயே நிக்கறா. தாண்டினா இதுல பாத்தாகணுமே. நேக்குத் தெரியும்." சுவரில் இருந்த என் வீட்டுக்காரர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீ உங்காத்துக்காரருக்கு அழுதே. நாங்க எல்லாரும் வந்து உக்காந்தோம். நேக்கு எம்பொண்ணுக்கு அழணும்மா. அந்தாத்துல அழறதுக்கு எடமில்லை. மூணாவது தட்டு வெச்சிருக்கச்சே எப்படிம்மா அழறது?"

பைனாகுலரை அவர் கையில் கொடுத்தேன். பட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டேன்.

முதல் நாள் பெய்த மழையில் புகையெல்லாம் படிந்து, அன்று வானம் அந்த ஊருக்குப் பழக்கமில்லாத அளவுக்குத் தெளிவாக இருந்தது. நிலாவும் இல்லை. வீடுகளில் விளக்கேற்றிச் சங்கு ஊதி முடித்த நேரம். மாமி பிரம்பு நாற்காலியில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் பாயில். மாமா மூச்சுவாங்க மேலே ஏறி வந்தார். கழுத்தில் தொங்குவதை மாமி பார்த்துவிட்டார்.

"அதுக்கு நான் இன்னும்..."

"நீ வரவேண்டாம். நான் வந்துட்டேன். நான் பாத்துக்கறேன். எங்க இருக்கா ரேவதி?"

மாமா பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு தன் பாட்டுக்குத் தேடினார். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த புது அடுக்குமாடியின் உச்சியில் போய் நின்றார்.

"இதோ ஒண்ணு பளிச்சுன்னு இருக்கே, இதுவா?"

"ஐயோ, அது யாராத்து லைட்டோ!" மாமியால் பொறுக்க முடியவில்லை. "இப்படித் திரும்புங்கோ. தலைக்கு மேல. பெரிய சதுரம் ஒண்ணு தெரியறதா? அதுக்குக் கீழே, கொஞ்சம் கெழக்க..."

"சதுரமே தெரியலைடி."

"குடுங்கோ இங்க. நான் சரியா வெச்சுத் தரேன்."

அவருக்காகத்தான் வாங்கினார். கண்ணில் வைத்தார். தேடவில்லை. ஒரு முறைகூடப் பார்த்திராத நட்சத்திரத்துக்கு அவர் கை நேரே போய் நின்றது. திருப்பிக் கொடுக்கப்போகிறார் என்று மாமா கையை நீட்டிக்கொண்டே நின்றார். மாமி கொடுக்கவில்லை. கீழே தெருவில் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"மூணு பேர் வரிசையா இருக்கா" என்றார் கடைசியில். "கெழக்கோரத்துல இருக்கறவ."

பைனாகுலரை இறக்கி வெறும் கண்ணால் பார்த்தார். மறுபடி வைத்துப் பார்த்தார். மறுபடி இறக்கினார்.

"இதுல இருக்கா. எடுத்தா இல்லை."

மாமா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"இங்கயேதான் இருந்திருக்கா. நான் தெனம் இதே எடத்துலதான் நின்னுண்டு பாத்துண்டிருந்தேன். நான் பாக்கலைங்கறதுக்காக அது இல்லாம போயிடலை." பைனாகுலரை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அவர் குரலில் எந்த மாற்றமும் இல்லை, கணக்குக்கு விடை சொல்வதுபோலத்தான் சொன்னார். "அப்படின்னா, நான் பாக்கலைங்கறதுக்காக அதுவும் நடக்காம போயிடலை. இல்லையா, சொல்லுங்கோ."

மாமா தண்ணீர்த் தொட்டியின் அடித் திண்டில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பெரிய மனுஷர், வங்கியில் நூறு பேரை மேய்த்தவர், வாயைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். துண்டுக்குள் அடங்கவில்லை. மாமி எழுந்து போய் அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் பாயைச் சுருட்டினேன், விரித்தேன், மறுபடி சுருட்டினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அப்புறம் மூவரும் கீழே இறங்கினோம். மாமா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். மாடிப் படியின் திருப்பத்தில், உலர்ந்த துணி எடுக்கப் பக்கெட்டோடு பௌதி ஏறி வந்துகொண்டிருந்தாள். விளக்கு மங்கல், எங்கள் முகம் அவளுக்குத் தெரிந்திருக்காது. எப்போதும்போலப் பக்கெட்டைக் கீழே வைத்துக் கைகூப்பினாள்.

"பாத்தியா, மாஷிமா?"

மாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். 'பாத்தியா, பாத்தியா' என்று சிரிக்கவில்லை.

"பாத்துட்டேம்மா" என்றார்.

பௌதிக்கு அது புதுச் சொல். இத்தனை நாள் தப்பாகப் பதில் சொல்லி வந்திருக்கிறோம், இதுதான் சரியான பதில் என்று நினைத்திருக்க வேண்டும். சந்தோஷமாகத் தலையை ஆட்டி, அதை அழகாகத் திருப்பிச் சொன்னாள்.

"பாத்துட்டேம்மா! பாத்துட்டேம்மா!"

"ஆமாம்" என்றார் மாமி. அவள் கன்னத்தை ஒருமுறை தொட்டுவிட்டு, மாமாவின் பின்னால் இறங்கிப் போனார்.